கொப்பரிட்டைச் சொல்லு

அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று அண்ணா முடிவெடுத்துவிட்டார். அப்பாவின் நெஞ்சுக்குள் இருக்கிற பெரிய இரத்தக்குழாய் கிழியத் தொடங்கிவிட்டது, உடனே திறந்து தைக்காவிட்டால் ஆள் தப்பாது என்று அறுவை மருத்துவர் எங்களிடம் சொல்லிவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. தைத்தாலும் எழும்புவார் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் அந்தப் பெண் மிக மரியாதையான பிரெஞ்சில் சொல்லியிருந்தார். அண்ணா தலையாட்டி "மெர்சி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு மூச்சு விடாதை."

"என்ன கதை கதைக்கிறீங்கள் அண்ணை?"

"அவ இப்ப குரோஷியாவிலை அந்த மதிலுக்கு மேலை நிப்பா. பிறஷர் குளிசை போடுற மனிசி. படியிலை தலை சுத்தி விழுந்தா ஆர் பொறுப்பு? வந்தாப்பிறகு சொல்லுவம்."

"வந்தாப்பிறகு சொல்லுறதுக்கு அப்பா இருக்கவேணுமே."

"விசர்க்கதை கதையாதை வினோஜா," என்றார். சாரங்கன் அண்ணா மொன்றியலின் கர்க்லாண்டில் பெரிய வீடும் அலுவலகத்தில் பெரிய பதவியும் உள்ளவர். முடிவு எடுப்பது அவருக்குப் பழக்கம். நான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரியில் வேலை செய்கிறவள். மூன்று வயதுக்காரர்கூட என் முடிவைக் கேட்பதில்லை.

எங்கள் ஆட்கள் ஒளிப்பதில் கைதேர்ந்தவர்கள். பயணத்தில் இருக்கிறவருக்குச் சொல்வதில்லை, பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்வதில்லை, சோதனை எழுதுகிறவருக்குச் சொல்வதில்லை. பெரியப்பா செத்தது லண்டனில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளுக்குச் சோதனை முடிந்து பெறுபேறும் வந்த பிறகுதான் தெரியும். அதுவரை அவள் எப்போது அழைத்தாலும் பெரியப்பா குளித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு மனிதர் மாதக்கணக்காகக் குளித்தார். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது.

அம்மா போயிருந்தது டுப்ரொவ்னிக் என்ற பட்டினத்துக்கு. குரோஷியாவில், கடலை ஒட்டி, சுற்றிவரப் பழைய மதில் கட்டிய ஊர். தொண்ணூற்றொன்றில் மலையிலிருந்து ஷெல் அடித்து ஊரின் கூரைகளை நொறுக்கினார்கள். சண்டை முடிந்ததும் அந்த ஊரார் ஓடு ஓடாக அடுக்கி எல்லாக் கூரையையும் திரும்பப் போட்டார்கள். தொலைக்காட்சியில் இதைப் பார்த்த அன்றே அம்மா போவதென்று தீர்மானித்துவிட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கோட்டைக்குக் கிட்ட அம்மாவுக்கு ஒரு சீதன வீடு இருந்தது. கோட்டைச் சண்டையில் அதன் கூரை போனது. சுவர்கள் நின்றன. சண்டையெல்லாம் முடிந்த பிறகு, கூரையைப் போட்டால் வீடு வீடுதான் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "கோட்டை மதிலை வெளிநாட்டுக் காசிலை திருத்துறாங்கள், எங்கடை கூரையைத் திருத்தேலாதோ?" என்பார். அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "திருத்தி ஆர் இருக்கிறது?" கடைசியில் காணியாக விற்றார்கள். அம்மா கையெழுத்து வைத்தார். வைத்த கை அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சோறு போட்டதே தவிர மன்னிக்கவில்லை.

டுப்ரொவ்னிக் கதையை எடுத்தபோது அப்பா சொன்னார், "ஆற்றையோ கூரையைப் பாக்க பிளேன் ஏறப்போறாவாம்." அன்றோடு இரண்டு பேரும் கதைப்பது நின்றது. அம்மா, புரோசார்ட்டில் தங்களுக்குப் பக்கத்து வீட்டு அனோஜினி அன்ரியைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். விமான நிலைய வாசலில் அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார், "கடவுச்சீட்டை எடுத்தவவோ எண்டு கேள்." அம்மா ஒரு கை தூரத்தில் நின்றார். "எடுத்தாச்செண்டு கொப்பரிட்டைச் சொல்லு," என்றார் என்னிடம்.

இதுதான் என் பிறவிப் பயன். கோபம் வந்தால் இருவரும் நேரே கதைக்க மாட்டார்கள். கொப்பர் என்றால் உன் அப்பா, கொம்மா என்றால் உன் அம்மா. 'கொப்பரிட்டைச் சொல்லு', 'கொம்மாவிட்டைக் கேள்' என்று எல்லாம் என் வழியாகத்தான் போகும். கறிக்கு உப்புக் காணாது என்பதை, கறி சமைத்தவர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அண்ணாவுக்கு இந்த உத்தியோகம் ஒரு நாளும் கிடைக்கவில்லை. பெடியன் படிக்கவேணுமாம். எனக்குக் கலியாணமாகி வேறு வீடு போன பிறகும் தொலைபேசியில் இந்த வேலை தொடர்ந்தது. சம்பளமும் இல்லை, ஓய்வும் இல்லை.

அப்பா மொன்றியல் துறைமுகத்தில் கொன்ரெய்னர் இழுக்கிற லொறி ஓடுகிறவர். அன்று காலை வாசல் வரிசையில் நிற்கும்போது நெஞ்சு கிழிகிற மாதிரி நோ வந்திருக்கிறது. லொறியை ஓரங்கட்டி, திறப்பைக் கழற்றிப் பின்னால் நின்ற சாரதியிடம் கொடுத்து, வழி மறித்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுத்தான் நிலத்தில் இருந்தாராம். இப்போது திரை போட்ட ஒரு மறைப்புக்குள், சத்திரசிகிச்சைக்கு அறை ஆயத்தமாகும்வரை படுத்திருந்தார். மூக்கில் குழாய். ஊசி மருந்தில் நோ அடங்கி, முகம் சாம்பலாகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. அம்மா. முகம் பார்க்கிற அழைப்பு.

அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்தார். "எடாதை."

அது அடித்து ஓய்ந்து, உடனே மறுபடியும் அடித்தது. எடுக்கும்வரை அம்மா அடிப்பார். எடுக்காவிட்டால் என் மனிசனுக்கு அடிப்பார், பிறகு அண்ணிக்கு. யாராவது ஒருவர் உளறுவார்.

"எடு," என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல். "என்ரை வருத்தத்தைச் சொல்லாதை. கூரையைக் காட்டச் சொல்லு."

ஆக, ஆண்கள் இருவரும் ஒரே கட்சி. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் படுத்திருக்கிறவரோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது? வெள்ளைச் சுவர் ஒன்றுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தேன்.

அம்மாவின் முகம் வெயிலில் பளபளத்தது. தொப்பி போட்டிருந்தார். என் ஆயுசில் அம்மாவைத் தொப்பியோடு பார்த்ததில்லை. பின்னால் கடல் நீலமாக ஆடியது.

"எங்கை நிக்கிறாய்?"

"வேலையிலை அம்மா."

"அதென்ன கீக் கீக் எண்டு கேக்குது?"

"மைக்ரோவேவ்," என்று அண்ணா என் காதுக்குள் சொன்னார்.

"மைக்ரோவேவ் அம்மா."

"ஆர் உவ்வளவு நேரம் சூடாக்கிறது? சரி விடு. கொப்பர் வேலைக்குப் போட்டாரோ?"

"போட்டார்."

"றால் குழம்பு வைச்சிட்டு வந்தனான். எடுத்துச் சாப்பிட்டவரோ எண்டு கேள். நான் கேட்டதெண்டு சொல்லாதை."

கட்டிலில் அப்பாவின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. அது சிரிப்பு. நான் கைபேசியைச் சரித்து, கமராவில் அவர் விழாமல் அவருக்கும் படம் தெரிகிற மாதிரிப் பிடித்தேன்.

"இப்ப பார்," என்று அம்மா கமராவைத் திருப்பினார். மதிலுக்குக் கீழே ஊர் முழுக்க ஓட்டுக் கூரைகள், ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. "வெளிறின ஓடு தெரியுதோ? அது பழசு. இந்தக் கடும் சிவப்பெல்லாம் ஷெல் விழுந்த வீடுகள், பேந்து புதுசாப் போட்டது. சிவப்புத்தான் கூட, பாத்தியே? வடிவாப் பாக்கச் சொல்லிக் கொப்பரிட்டைச் சொல்லு. ஏலாதெண்டு ஒண்டுமில்லை எண்டு சொல்லு."

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே வடிவாகப் பார்த்தார். கூரை கூரையாக அவருடைய கண் போனது. பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்து, மூச்சாலே சொன்னார். "கீழை ஆர் இருக்கினம் எண்டு கேள்."

"அம்மா, அந்த வீடுகளிலை ஆர் இருக்கினம்?"

கமரா ஆடாமல் நின்றது. அம்மா கீழே பார்க்கிறார் என்று விளங்கியது.

"ஏன் கேக்கிறாய்?" என்றார்.

"சும்மாதான்."

கமரா திரும்பியது. தொப்பிக்குக் கீழே அம்மாவின் கண் என்னை ஊடுருவியது. "இது உன்ரை கேள்வி இல்லை. பக்கத்திலை கொப்பர் நிக்கிறாரோ?"

அண்ணா இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினார். அப்பா ஒரு விரலை உயர்த்தி வேண்டாம் என்று அசைத்தார். திரைக்கு வெளியே யாரோ கட்டில் ஒன்றின் பிறேக்கைத் தட்டி விடுவது கேட்டது. எங்களுடையதாக இருக்கலாம். வேலைக்குப் போனவர் பகலில் என் பக்கத்தில் எப்படி நிற்பார் என்று அம்மாவே யோசித்து முடிக்க இன்னும் எவ்வளவு நேரம் எடுக்கும்? அதற்குள் அப்பாவைக் கொண்டு போய்விடுவார்கள். பிறகு அவர் வராவிட்டால், அம்மா கடைசியாக அவரோடு கதைத்தது, கதைக்காமலே போனது என்றாகிவிடும். பெரியப்பாவின் மகள் இன்றைக்கும் எங்கள் யாருடைய வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை.

"அம்மா, அனோஜினி அன்ரியின்ரை கையைப் பிடியுங்கோ," என்றேன். "ஓரமா எங்கையாவது இருங்கோ. இருந்திட்டீங்களோ?"

அண்ணா கைபேசியைப் பறிக்க வந்தார். நான் அவரை முழங்கையால் தள்ளினேன். அண்ணாவை நான் அதற்கு முன் தொட்டுத் தள்ளியதில்லை. ஆஸ்பத்திரி, நெஞ்சு, கிழிவு, இப்போதே சத்திரசிகிச்சை என்று எல்லாவற்றையும் சொன்னேன். எழும்புவார் என்று உறுதியில்லை என்பதையும் சொன்னேன். அரைகுறையாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மா அழவில்லை. தொப்பியைக் கழற்றினார். "போனை அவரிட்டைக் குடு."

அப்பாவுக்கு அது கேட்டது. அவர் என்னைப் பார்த்து, "பயப்பிட ஒண்டுமில்லையெண்டு கொம்மாவிட்டைச் சொல்லு," என்றார்.

"நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "உங்கடை பெண்சாதி, உங்கடை வாய். நீங்களே சொல்லுங்கோ." கைபேசியை அவருடைய கைக்குள் திணித்தேன்.

திரை விலகியது. ஒரு தாதியும் கட்டில் தள்ளுகிற பெடியனும் வந்தார்கள். "மிஸ்யூ அரி," என்று தாதி அப்பாவின் பெயரைப் பாதியில் விட்டுச் சிரித்து, போகலாம் என்றார். கட்டில் நகர்ந்தது. நாங்கள் பக்கத்தில் ஓடினோம். அப்பா கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அதில் கல்லும் வானமும் அம்மாவின் தோளும் மாறி மாறி வந்தன. அம்மாவும் நடக்கத் தொடங்கிவிட்டார். அந்த மதிலில் ஒரு பக்கமாகத்தான் நடக்கலாம், வந்த வழியே திரும்ப விடமாட்டார்கள் என்று காலையில் எழுதியிருந்தார். காவலாளி ஒருவர் முன்னே போகச் சொல்லிக் கையைக் காட்டுவது தெரிந்தது. இறங்குவதற்கு அம்மா இன்னும் மேலே ஏறவேண்டியிருந்தது.

"கேக்குதோ?" என்று அம்மாவின் குரல் வந்தது. "இஞ்சேருங்கோ, கேக்குதோ?"

எத்தனை வாரத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியாது, அப்பா அம்மாவின் பெயரைச் சொல்லி நேரே கதைத்தார். "ஞானா. படி. பாத்து நடவும்."

லிஃப்ட் கதவு மூடியது. படம் அப்படியே உறைந்தது. ஒரு கல்லும் அம்மாவின் சப்பாத்தும். லிஃப்ட் மெல்ல ஏறியது. அப்பா உறைந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுது," என்றார்.

"வரும் அப்பா. மேலை போனா வரும்."

மேலே போனோம். வரவில்லை. சத்திரசிகிச்சைப் பகுதியின் வாசலில் தாதி குனிந்து, மிக மெதுவாக, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கைபேசியை எடுத்து என்னிடம் தந்தார். அண்ணா அப்பாவின் நெற்றியில் கை வைத்தார். நான் காலைப் பிடித்தேன். கட்டில் உள்ளே போனது. கதவுகள் ஒன்றாகச் சேர்ந்தன.

அப்போது கைபேசிக்கு உயிர் வந்தது. படம் இல்லை, குரல் மட்டும். அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, நிறுத்தாமல், கதைத்துக்கொண்டிருந்தார்.

"...நல்லாப் பாத்தனான். நீங்கள்தானே ஆர் இருக்கினம் எண்டு கேட்டனீங்கள். ஒருத்தரும் இல்லை. உடுப்புக் காயப்போட்ட கொடி ஒண்டைக் காணேல்லை. சன்னலெல்லாம் சாத்திக் கிடக்கு. எல்லாம் எங்களைப் போல வந்து போற சனத்துக்கு விடுற அறையளாம். அனோஜினி கேட்டவ, சொன்னாங்கள். கேக்குதோ? நான் அந்த வீட்டைத் திருத்துங்கோ திருத்துங்கோ எண்டு உங்களை அரிச்சனான். திருத்தியிருந்தாலும் இப்பிடித்தான் கிடந்திருக்கும். மேலை நல்ல கூரை, கீழை ஒருத்தரும் இல்லை. பிள்ளையளோ அங்கை போய் இருக்கப் போகுதுகள்? நீங்கள் சொன்னது சரி. கேக்குதோ உங்களுக்கு? நீங்கள் சொன்னது சரி எண்டுறன்."

சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தேன். எனக்குத் தெரிந்து அம்மா அப்பாவைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வழி தவறின காருக்குள் சொன்னதில்லை, விலை கூடின கடைக்குள் சொன்னதில்லை. அப்பா அதற்காக எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு கதவின் தடிப்பு அளவு தூரத்தில் அது வந்து சேர்ந்திருந்தது.

அப்பாவுக்குக் கேட்டது, ஓம் என்று சொல்லிவிடலாம். ஒரு 'ஓம்'. அண்ணா என்னைப் பார்த்து அப்படிச் சொல்லச் சொல்லித்தான் தலையை ஆட்டினார்.

"அம்மா, நான் வினோஜா," என்றேன். "அப்பாவை உள்ளை கொண்டு போட்டினம்."

சப்பாத்துச் சத்தம் நின்றது.

"எது வரைக்கும் கேட்டவர்?"

"நீங்கள் கேக்குதோ எண்டனீங்கள். அவர் பாத்து நடவும் எண்டவர். அதோடை விட்டுப் போச்சு."

அனோஜினி அன்ரி, இங்கே படி இருக்கு, பிடியுங்கோ என்று சொல்வது கேட்டது. பிறகு அம்மா சொன்னார், "அப்ப நீ அவரிட்டை ஒண்டும் சொல்லாதை. அதை நான்தான் சொல்லோணும். விளங்குதோ?"

"விளங்குது."

"கொண்ணனையும் சொல்லவேண்டாமெண்டு சொல்லு."

அண்ணா பக்கத்திலேயே நின்றார். சொன்னேன்.

பின்னேரம் மருத்துவர் வெளியே வந்தார். இரத்தக்குழாயைத் தைத்தாகிவிட்டது, இதயம் அடிக்கிறது என்றார். நாங்கள் மூச்சு விடுவதற்குள், அப்பா கண் விழிப்பாரா என்பதை மட்டும் பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார். மூளைக்கு இரத்தம் குறைவாகப் போன நேரம் ஒன்று இருந்ததாம். மயக்க மருந்தை நிறுத்தினார்கள். அப்பா விழிக்கவில்லை. விடிந்தும் விழிக்கவில்லை.

அம்மா அடுத்த நாள் பின்னேரம் விமான நிலையத்திலிருந்து நேரே வந்தார். முகம் கழுவவில்லை. பெட்டியை அண்ணாவின் கையில் கொடுத்துவிட்டு, அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணாதான், "நான் உங்களுக்காகத்தான் அம்மா சொல்லவேண்டாம் எண்டனான்," என்றார். "தெரியும்," என்றார் அம்மா. அதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

தாதி கையைக் கழுவச் சொல்லி எங்களை உள்ளே விட்டார். அப்பாவின் வாயில் குழாய் இருந்தது. நெஞ்சு இயந்திரத்தின் கணக்குக்கு ஏறி இறங்கியது. அவருக்குக் கேட்குமா என்று கேட்டேன். கேட்கலாம், கதையுங்கள் என்றார் தாதி.

அம்மா அவருடைய நரைத்த மயிரை ஒதுக்கிவிட்டார். காதுக்குக் கிட்டக் குனிந்தார். "இஞ்சேருங்கோ. நான் வந்திட்டன்." பிறகு சொன்னார். மதிலில் சொன்னதை அவ்வளவு நீட்டாமல், கடைசி வசனத்தை மட்டும், ஒரு சொல் விடாமல் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அம்மா இன்னொரு தரம் சொன்னார், கொஞ்சம் உரத்து. மறுபடியும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வினோ, நீ ஒருக்காச் சொல்லு."

"என்னைச் சொல்லவேண்டாமெண்டனீங்கள்."

"இவ்வளவு காலமும் நான் சொன்னதெல்லாம் உன்ரை வாயாலைதானே அவருக்குப் போனது. என்ரை குரலிலை கேட்டுப் பழக்கமில்லை அந்த மனிசனுக்கு. நீ சொல்லு."

அம்மாவின் உதடு அப்போதுதான் கோணியது. அண்ணா பெட்டியைப் பிடித்தபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இனிச் சொல்லமாட்டேன் என்று அவருடைய கையில் கைபேசியைத் திணித்த என் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலின் மறு பக்கம் போய்க் குனிந்தேன்.

"அப்பா," என்றேன். "அம்மா சொல்லச் சொன்னவ. நீங்கள் சொன்னது சரியாம்."

கட்டிலுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து அம்மா என் தோளைத் தொட்டார். "வீட்டைப் பற்றி எண்டும் சொல்லு," என்றார். "இல்லாட்டி எதெண்டு தெரியாமல் யோசிச்சுக்கொண்டு கிடப்பார்."

அதையும் சொன்னேன்.